ஒளியால் போட்ட தரை அசையாதே, அப்புறம் போலரான் எப்படி?

மோல்மீனிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், இயற்பியல் கடைசி வருஷமாம். "சயா (ஆசிரியரே), குளிர் அணுக்களை லேசர் ஒளியால் செய்த அணிக்கோவையில், அதாவது ஒழுங்காக அடுக்கிய குழிகளின் வரிசையில் வைத்து, படிகத்துக்குள் எலக்ட்ரான் எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார்கள் என்று படித்தேன். நிஜப் படிகத்தில் அணுக்கள் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒளி அணிக்கோவையில் அதிர என்ன இருக்கிறது? அதிர்வின் குவாண்டம் துணுக்கான ஃபோனானே இல்லாத இடத்தில் ஃபோனானோடு நடக்கும் உறவை எப்படிப் பார்ப்பது? ரிட்பெர்க் அணு என்று வேறு சொல்கிறார்கள், அது எதற்கு?"

தம்பி, நீங்கள் கேட்டிருப்பது இந்தத் துறைக்காரர்கள் பல வருஷம் தலையைச் சொறிந்த இடம். நான் சிங்கப்பூரில் ஆறு வருஷம் ஒரு குளிர் அணு ஆய்வகத்தில் ஆடிகளின் திருகுகளைத் திருகிக்கொண்டிருந்தவன், இப்போது ரங்கூனில் டியூஷன் எடுக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் நிஜப் படிகத்தைப் பார்த்துவிடலாம். தட்டோன் பக்கம் எங்கள் பாட்டி வீடு கால் ஊன்றிய வீடு, தரை முழுக்கப் பிளந்த மூங்கில். பாட்டி நடந்தால் காலடியில் தரை அமுங்கும், பாட்டி நகர நகர அந்தப் பள்ளமும் கூடவே நகரும், மூலையில் இருக்கிற தண்ணீர்ப்பானை மூடி கடகடவென்று ஆடும். சிமெண்டுத் தரையில் விறுவிறுவென்று நடக்கிற பாட்டி மூங்கில் தரையில் மெதுவாகத்தான் போவார், ஏனென்றால் ஒவ்வொரு அடியிலும் அந்தப் பள்ளத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். படிகத்தில் எலக்ட்ரானுக்கும் இதே கதைதான். அது தன்னைச் சுற்றியுள்ள அயனிகளை இழுத்துச் சற்றே இடம் பெயர வைக்கிறது, அப்படிப் பெயர்ந்த அணிக்கோவையையும் சுமந்துகொண்டு நகர்கிறது. எலக்ட்ரானும் அது சுமக்கிற பள்ளமும் சேர்ந்த உருப்படிதான் போலரான். லாண்டாவ் 1933இல் ஒரு சின்னக் கட்டுரையில் இந்த எண்ணத்தைத் தொடங்கி வைத்தார், பெகார் 1946இல் பெயர் வைத்தார், ஃபைன்மன் 1955இல் தன் பாதைத் தொகையீட்டு முறையால் அதன் எடையைக் கணக்கிட்டார், ஹோல்ஸ்டீன் 1959இல் எளிமையான ஒரு மாதிரியை எழுதினார். நாம் பேசப்போவது பெரும்பாலும் அந்த ஹோல்ஸ்டீன் மாதிரியும் அதன் உறவுக்கார மாதிரிகளும்தான்.

ஹோல்ஸ்டீன் மாதிரியில் மூன்றே மூன்று எண்கள். கிளர்வு ஓர் இடத்திலிருந்து பக்கத்து இடத்துக்குத் தாவும் வேகம் ஒன்று. ஒவ்வோர் இடத்திலும் இருக்கிற அதிர்வின் அதிர்வெண் ஒன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பிணைப்பு என்பது மூன்றாவது. (எலக்ட்ரான் என்று சொல்லாமல் கிளர்வு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: ஒரு மூலக்கூறிலிருந்து அடுத்த மூலக்கூறுக்குக் கைமாறும் ஆற்றலுக்கும் இதே சமன்பாடுதான்.) பிணைப்பை அதிர்வு ஆற்றலால் வகுத்து வரும் எண்ணைப் பிணைப்பு எண் என்று வைத்துக்கொள்வோம். தாவல் மெதுவாகவும் அதிர்வு வேகமாகவும் இருக்கும்போது, இந்த எண்ணின் வர்க்கம்தான் கிளர்வு தன்னைச் சுற்றிச் சுமக்கும் ஃபோனான்களின் சராசரி எண்ணிக்கை. பிணைப்பு எண் 1 என்றால் சராசரி ஒரு ஃபோனான், தாவும் வேகம் 37 சதவீதமாகக் குறையும். 2 என்றால் நான்கு ஃபோனான், தாவும் வேகம் 1.8 சதவீதம், ஏறக்குறைய நின்றே விட்டது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போவதற்குள் இவ்வளவு சரிவு என்பதுதான் இந்த விஷயத்தின் குணம்.

இது வெறும் கணக்கு விளையாட்டு இல்லை. 1950இல் பாதரசத்தின் வெவ்வேறு ஐசோடோப்புகளை எடுத்துப் பார்த்தபோது, அணு கனமாக ஆக ஆக மீகடத்தல் (மின்சாரம் தடையே இல்லாமல் ஓடுவது) தொடங்கும் வெப்பநிலை குறைந்தது. எலக்ட்ரான்களுக்கு அணுவின் நிறை பற்றி என்ன கவலை? அணிக்கோவையின் அதிர்வுதான் நடுவே நின்று எலக்ட்ரான்களைச் சேர்த்து வைக்கிறது என்பதற்கு அது பெரிய தடயம். பாட்டி வீட்டில் நானும் அண்ணனும் ஒரே பாயில் தள்ளித் தள்ளிப் படுப்போம், காலையில் பார்த்தால் இரண்டு பேரும் நடுப் பள்ளத்தில் ஒருவர் மேல் ஒருவர் கிடப்போம், எங்களுக்குள் அப்படி ஒன்றும் பாசம் கிடையாது. மீகடத்தியில் நடப்பது இன்னும் நுணுக்கமானது: ஓர் எலக்ட்ரான் போய் முடிந்த பிறகும் பள்ளம் சற்று நேரம் அப்படியே இருக்கும், அடுத்தது அதில் வந்து விழும். முதல் பாடத்துக்குப் பாயே போதும்.

சரி, மாதிரி எழுதியாகிவிட்டது, கணினியில் போட்டுத் தீர்த்துவிட வேண்டியதுதானே? நானும் அப்படி நினைத்துத்தான் என் 16 ஜிகாபைட் மடிக்கணினியில் உட்கார்ந்தேன். ஒவ்வோர் இடத்திலும் 0 முதல் 9 வரை ஃபோனான் இருக்கலாம் என்று வைத்தால் ஓர் இடத்துக்குப் 10 வாய்ப்பு. 6 இடம் என்றால் 10ஐ ஆறு முறை பெருக்கி, கிளர்வு எந்த இடத்தில் என்பதற்கு இன்னொரு 6ஆல் பெருக்கினால் 60 லட்சம் எண்கள், ஓர் எண்ணுக்கு 16 பைட் வீதம் 96 மெகாபைட். அருமையாக ஓடியது. 8 இடம் என்று மாற்றினேன்: 80 கோடி எண்கள், ஒரு நிலையை எழுதி வைக்கவே 12.8 ஜிகாபைட், கணக்கு ஓட அதைப்போல் இரண்டு மூன்று வேண்டும். மின்விசிறி அலறியது, திரை உறைந்தது, அப்புறம் எங்கள் தெரு கரண்ட்டும் போனது. 10 இடம் என்றால் 1.6 டெராபைட். 20 இடத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆனால் இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பலர் இதை மறைத்துவிட்டுத்தான் குவாண்டம் உருவகத்துக்கு (ஒரு குவாண்டம் அமைப்பை இன்னொன்றால் போலச் செய்து பார்ப்பதற்கு) விளம்பரம் செய்கிறார்கள். நான் செய்தது முரட்டுத்தனமான முறை. ஒரே ஒரு போலரான், பூச்சிய வெப்பநிலை, அமைதியாக உட்கார்ந்திருக்கும் நிலை என்றால் சாதாரணக் கணினியிலேயே மிகத் துல்லியமாகத் தீர்க்க நல்ல வழிகள் இருக்கின்றன. 1998இல் புரோகோஃபியேவும் ஸ்விஸ்டுனோவும் கொடுத்த வரைபட மாண்டி கார்லோ முறை அவற்றில் ஒன்று. குளிர் அணு தேவைப்படுவது அதற்கு அப்பால்: பல போலரான்கள் சேர்ந்து இருக்கும்போது, அல்லது கிளர்வைத் திடீரென்று போட்டுவிட்டு அது நேரத்தோடு எப்படிப் பரவுகிறது என்று பார்க்கும்போது.

இப்போது உங்கள் கேள்வி. எதிரும் புதிருமாக இரண்டு லேசர் கற்றைகளை விட்டால் நிலை அலை உண்டாகும், அதன் ஒவ்வொரு குழியிலும் ஓர் அணு உட்காரும். 1064 நானோமீட்டர் லேசர் என்றால் குழிக்குக் குழி 532 நானோமீட்டர், நிஜப் படிகத்தில் இருப்பதைப் போல் ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. தாவல் மில்லிநொடிக் கணக்கில் நடக்கும், கேமராவில் பார்க்கலாம். 1998இல் யாக்ஷ், ஸோலர் குழு இந்த வழியைச் சொல்லி, 2002இல் ம்யூனிக்கில் கிரைனர் செய்து காட்டியதிலிருந்து இந்தத் துறை ஓடிக்கொண்டிருக்கிறது. அணிக்கோவையில் அழுக்கு இல்லை, ஓட்டை இல்லை, அதிர்வும் இல்லை. கற்றையில் பாய்கிற ஃபோட்டான்களின் எண்ணிக்கைக்கு முன்னால் ஓர் அணு ஆற்றுவெள்ளத்தில் விழுந்த எறும்பு. அணு எங்கே இருந்தாலும், எத்தனை இருந்தாலும், குழிகளின் இடம் ஆடி நிற்கும் இடத்தைப் பொறுத்ததே தவிர அணுவைப் பொறுத்ததில்லை. சிமெண்டுத் தரை.

ஆடியை ஆட்டிவிட்டால் அணிக்கோவை அதிருமே என்று தோன்றும், எனக்கும் முதல் வருஷத்தில் தோன்றியது. ரங்கூனிலிருந்து மோல்மீனுக்கு நீங்கள் ரயிலில் வந்திருப்பீர்கள். பெட்டி குதிக்கிற குதியில் மடியில் இருக்கிற சோற்றுப் பொட்டலம் மேலே எழும்பி இறங்கும். ஆனால் அந்த ரயிலுக்கு நீங்கள் உள்ளே இருக்கிறீர்களா இல்லையா என்பதே தெரியாது, காலியாகப் போனாலும் அதே குதிதான். பாட்டி வீட்டுத் தரை அப்படியில்லை, மிதித்தவர் யார் என்று அதற்குத் தெரியும், மிதித்த இடத்தில் மட்டும் அமுங்கும், அமுங்கியது மிதித்தவரையே திரும்பப் பாதிக்கும். ஆடியை ஆட்டினால் கிடைப்பது ரயில், அதற்குப் பெயர் இரைச்சல். அதையும் ஆராய்வார்கள்: 2019இல் இன்ஸ்ப்ரூக்கில் அயனிச் சங்கிலி ஒன்றில் வேண்டுமென்றே இரைச்சலைப் புகுத்தி, கிளர்வு கடத்தப்படுவதற்கு அது எங்கே தடை, எங்கே உதவி என்று பார்த்தார்கள். போலரான் வேண்டுமென்றால் இரைச்சல் போதாது, பதில் சொல்லும் தரை வேண்டும். கீழே வரும் எல்லா வழிகளும் அந்தப் பதிலை எங்கிருந்து கொண்டுவருவது என்பதைப் பற்றியவைதான்.

ஒரு வழி, அணிக்கோவையை மறந்துவிட்டு, போஸ்-ஐன்ஸ்டைன் செறிவுக்குள் (எல்லா அணுவும் ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்துவிட்ட மிகக் குளிர்ந்த வாயு) வேறு வகை அணுவையோ வேறு நிலையில் இருக்கிற அதே அணுவையோ மிதக்க விடுவது. செறிவுக்கு ஒலி அலை உண்டு, அதுவே ஃபோனான். 2016இல் அமெரிக்காவில் போல்டர், டென்மார்க்கில் ஆர்ஹுஸ் என்று இரண்டு குழுக்கள் இதைச் செய்து காட்டின, காந்தப்புலத்தைத் திருகினால் பிணைப்பு கூடும் குறையும். அழகான சோதனை, ஆனால் அது மூங்கில் தரை இல்லை, குளத்தில் நீந்துவது. இன்னொரு வழி அயனிப் பொறி: மின்சுமை உள்ள அயனிகள் ஒன்றையொன்று தள்ளி வரிசையாக நிற்கும், ஒன்றைத் தட்டினால் எல்லாம் அதிரும், ஃபோனான் இலவசம். உண்மையில் இன்றைக்கு இந்த வகைச் சோதனைகளில் அயனிகள்தான் முன்னே இருக்கின்றன. சிட்னியில் 2023இல் ஒரே ஓர் அயனியை வைத்து மூலக்கூறில் மின்னல் வேகத்தில் நடக்கிற ஒரு நிகழ்வை 10,000 கோடி மடங்கு மெதுவாக்கி ஓடவிட்டுப் பார்த்தார்கள். நீங்கள் கேட்டது நடுநிலை அணுவைப் பற்றி என்பதால் அயனியை இங்கேயே விடுகிறேன்.

ரிட்பெர்க் அணுவுக்கு வருவோம், எனக்குப் பிடித்தது இதுதான். அணுவின் வெளி எலக்ட்ரானை 60ஆவது படி போன்ற உயரத்துக்கு ஏற்றினால் அணு வீங்கிவிடும், ஆரம் படி எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும், இங்கே சுமார் 0.2 மைக்ரோமீட்டர். இப்படி வீங்கிய இரண்டு அணுக்கள் தூரத்திலிருந்தே பேசிக்கொள்ளும். ஒன்று ஒரு ரிட்பெர்க் நிலையிலும் மற்றது சற்றே வேறான இன்னொரு ரிட்பெர்க் நிலையிலும் இருந்தால், இரண்டும் நிலையைக் கைமாற்றிக்கொள்ளும். நம் டீக்கடைப் பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். மேசையருகே நிற்கிறவன் "ச்சோ செய்ன்ட்" (இனிப்பும் பாலும் தூக்கலான டீ) என்று கத்துவான், நடுவில் நிற்கிறவன் அதை வாங்கி உள்ளே கத்துவான். பையன்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள், ஆர்டர் மட்டும் ஓடுகிறது. இங்கேயும் அணு தாவுவதில்லை, கிளர்வுதான் தாவுகிறது. அணு தன் ஒளி இடுக்கியில் (அணுவைப் பிடித்து வைக்கும் குவித்த லேசர் கற்றை) உட்கார்ந்தபடி சின்னதாக ஊசலாடிக்கொண்டிருக்கும், அந்த ஊசலாட்டம்தான் நமக்கு வேண்டிய அதிர்வு.

இரண்டும் எப்படிப் பிணைகிறது? கைமாற்றத்தின் வலிமை தூரத்தின் முப்படிக்கு எதிர்விகிதம், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்கு. அணு ஊசலாடும்போது தூரம் மாறுகிறது, தூரம் மாறினால் தாவும் வேகம் மாறுகிறது. திரும்பிப் பார்த்தால், கைமாற்றம் நடக்கும்போது ஆற்றல் தூரத்தைப் பொறுத்திருப்பதால் அணுவின் மேல் ஒரு விசையும் விழுகிறது. மிதிக்கிறது, அமுங்குகிறது, அமுங்கியது திரும்பத் தாக்குகிறது. தரை பதில் சொல்லிவிட்டது, தம்பி.

எவ்வளவு சொல்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், பேப்பர் பேனா எடுங்கள். 2015இல் பிரான்சில் பலேசோவில் ப்ரோவேஸ் குழு மூன்று ருபிடியம் அணுக்களை 20 மைக்ரோமீட்டர் இடைவெளியில் வைத்து ஒரு கிளர்வை முன்னும் பின்னும் ஓடவிட்டது, அந்தத் தூரத்தில் கைமாற்றத்தின் வலிமை சுமார் 1 மெகாஹெர்ட்ஸ். இடுக்கியில் அணுவின் ஊசல் அதிர்வெண் 100 கிலோஹெர்ட்ஸ் என்று வைப்போம். ருபிடியம் 87க்கு, முழுக்கக் குளிர்ந்தாலும் மிஞ்சுகிற குவாண்டம் நடுக்கம் 24 நானோமீட்டர் வரும். முப்படி விதி என்பதால் 24ஐ 20,000ஆல் வகுத்து 3ஆல் பெருக்குங்கள்: 0.36 சதவீதம். 1 மெகாஹெர்ட்ஸில் 0.36 சதவீதம் என்றால் 3.6 கிலோஹெர்ட்ஸ், அதை 100 கிலோஹெர்ட்ஸால் வகுத்தால் பிணைப்பு எண் 0.036. ஒன்றுமே இல்லை, பாட்டி நடப்பது தரைக்குத் தெரியவே தெரியாது.

சரி, இடுக்கியைத் தளர்த்துவோம். ஊசலை 10 கிலோஹெர்ட்ஸாகக் குறைத்தால் நடுக்கம் 76 நானோமீட்டராகும், 1.1 சதவீதம், 11 கிலோஹெர்ட்ஸ், அதை 10ஆல் வகுத்தால் பிணைப்பு எண் 1.1. ஆஹா, நல்ல பலமான பிணைப்பு! மூச்சை விடுவதற்குள் அடுத்த எண் இடிக்கும்: 10 கிலோஹெர்ட்ஸ் ஊசல் ஒரு முறை ஆடி முடிக்க 100 மைக்ரோநொடி, சாதாரண அறை வெப்பநிலையில் இப்படிப்பட்ட ரிட்பெர்க் நிலையின் வாழ்நாளும் சுமார் 100 மைக்ரோநொடிதான். தரை ஒரு முறை அமுங்கி எழுவதற்குள் பாட்டி காணாமல் போய்விடுவார். இறுக்கினால் பிணைப்பு இல்லை, தளர்த்தினால் நேரம் இல்லை. இந்தத் துறையில் வருகிற பாதிக் கட்டுரைகள் இந்த இடுக்கிலிருந்து நெளிந்து வெளியே வருவது எப்படி என்பது பற்றித்தான்.

நெளிய ஒரு வழி, அணுவை முழுக்க ரிட்பெர்க் நிலைக்கு ஏற்றாமல், சற்று விலகிய அதிர்வெண் உள்ள லேசரால் அடிநிலையில் (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) ரிட்பெர்க் நிலையை ஒரு சிட்டிகை கலப்பது. 1 சதவீதம் கலந்தால் வாழ்நாள் நூறு மடங்கு நீளும், 100 மைக்ரோநொடி 10 மில்லிநொடி ஆகும். ஆனால் பேச்சு நடக்க இரண்டு அணுவும் ஒரே நேரத்தில் ரிட்பெர்க்காக இருந்தாக வேண்டும், அதற்கு வாய்ப்பு சதவீதத்தில் சதவீதம், பத்தாயிரத்தில் ஒன்று. நூறு மடங்கு சம்பாதித்து பத்தாயிரம் மடங்கு தொலைத்தாயிற்று. நஷ்டத்தை ஈடுகட்ட அணுக்களை நெருக்கி வைக்க வேண்டும்: தூரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் வலிமை ஆயிரம் மடங்கு, அதற்கு மேல் முப்படி விதியில் நடுக்கத்தின் சதவீதமும் பத்து மடங்கு. ஆக, கணக்கு ஓரளவு தேறும். 2018இல் வார்சாவிலிருந்தும் ஐந்தோவனிலிருந்தும் புவோஜென், சோவின்ஸ்கி, கொக்கெல்மன்ஸ் ஆகிய மூவர் இந்தக் கலப்பு முறையில், புரதச் சுருளில் ஆற்றல் சிதறாமல் நகர்வதாக டேவிடோவ் 1970களில் சொன்ன எண்ணத்தையே குளிர் அணுவில் உருவகப்படுத்தலாம் என்று எழுதினார்கள். அதற்கு முன்பே 2012இல் ஹேகும் மெக்கார்மிக்கும் இரண்டு அடுக்காக அணுக்களை வைத்து இதே கலப்பால் எலக்ட்ரான்-ஃபோனான் உறவை உண்டாக்க வழி சொல்லியிருக்கிறார்கள். இவை இரண்டும் காகிதத்தில் போட்ட திட்டங்கள், சோதனை அல்ல. கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்தால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது, கவனம்.

ஆய்வகத்தில் இன்னும் இரண்டு தலைவலி. சாதாரண ஒளி இடுக்கி அடிநிலை அணுவைத்தான் பிடிக்கும், ரிட்பெர்க் அணுவைத் தள்ளிவிடும், அதனால் பழைய சோதனைகளில் கைமாற்றம் நடக்கிற சில மைக்ரோநொடிக்கு இடுக்கியையே அணைத்துவிடுவார்கள். அவர்களுக்கு அணு நகர்வது தொல்லை, நமக்கு அந்த நகர்வுதான் சரக்கு, இடுக்கியை அணைத்தால் ஊசலும் இல்லை ஃபோனானும் இல்லை. இதற்குத்தான் 2020இல் அதே பிரெஞ்சுக் குழு, சுற்றிலும் ஒளியும் நடுவில் இருட்டுமான குடுவைப் பொறியைச் செய்தது, ரிட்பெர்க் அணு அந்த இருட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும். யிட்டெர்பியம் போல இரண்டு வெளி எலக்ட்ரான் உள்ள அணுவென்றால் ஒரு எலக்ட்ரான் மேலே போனாலும் மிச்சமிருக்கிற உடலைப் பிடித்துச் சாதாரண இடுக்கியே வைத்துக்கொள்ளும். இரண்டாவது தலைவலி குளிர்ச்சி. இடுக்கியில் அணு 10 மைக்ரோகெல்வினில் இருக்கும், கேட்க மிகக் குளிர்தான், ஆனால் 100 கிலோஹெர்ட்ஸ் ஊசலுக்கு ஒரு ஃபோனானின் ஆற்றல் 4.8 மைக்ரோகெல்வின், 10 கிலோஹெர்ட்ஸுக்கு 0.48தான். அதாவது தளர்ந்த இடுக்கியில் சுமார் இருபது ஃபோனான் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும், அந்தக் கூத்தில் கிளர்வு தானாக உண்டாக்கிய ஒரு ஃபோனானை எங்கே போய்த் தேடுவது? இன்னும் ஒரு கட்டம் லேசர் குளிரூட்டல் வேண்டும். நான் இருந்த ஆய்வகத்தில் அதற்கான கற்றையை ஒழுங்குபடுத்த நான்கு மாதம் போனது, கடைசியில் பார்த்தால் அறையின் ஏசி காற்று நேராக ஆடித் தாங்கியின் மேல் வீசிக்கொண்டிருந்தது. ஓர் அட்டைப்பெட்டியை வெட்டிக் குறுக்கே வைத்ததும் சரியாயிற்று.

ஜப்பானில் ஓகசாகியில் ஓமோரி குழு இன்னொரு பாதையில் போனது: அதிவேக லேசர் துடிப்பால் ஒரே அடியில் ரிட்பெர்க் நிலைக்கு ஏற்றி, மிக நெருங்கிய அணுக்களில் நானோநொடிக் கணக்கில் நிலைக்கும் நகர்வுக்கும் பிணைப்பு வருவதைக் காட்டியிருக்கிறார்கள். வாழ்நாள் பிரச்சினையைச் சுற்றிக்கொண்டு போகாமல் முந்திக்கொண்டு போவது அது.

ரிட்பெர்க்கை விட்டால் என்னை அசத்தியது ஸ்டான்ஃபோர்டில் லெவ் குழு 2021இல் செய்தது. இரண்டு ஆடிகளுக்கு நடுவே அணுக்களை வைத்து, பக்கவாட்டில் லேசர் அடித்தால், அணுக்கள் சிதறடிக்கிற ஒளியே ஆடிகளுக்கு நடுவே தேங்கி அணிக்கோவையாக நிற்கும். அணு நகர்ந்தால் ஒளி மாறும், ஒளி மாறினால் அணு நகரும். தரையையே நடப்பவர்கள்தான் நெய்கிறார்கள். 2010இல் ஜூரிக்கில் ஒரே ஒளிப்பாங்கு (ஆடிகளுக்கு நடுவே ஒளி நிற்கக்கூடிய வடிவம்) கொண்ட ஆடிகளில் இது நடந்தபோது, கறுப்புக் கட்டமா வெள்ளைக் கட்டமா என்ற இரண்டே தேர்வுதான், சதுரங்கப் பலகை முழுவதும் சேர்ந்து ஒன்றாக நகரும், ஓரிடத்தில் மட்டும் அமுங்காது, திரும்பவும் ரயில்தான். ஸ்டான்ஃபோர்டில் ஆடிகளின் வளைவையும் இடைவெளியையும் பொருத்தி வைத்து ஏராளமான ஒளிப்பாங்குகள் ஒரே அதிர்வெண்ணில் ஒலிக்கும்படி செய்தார்கள். பல பாங்குகள் சேர்ந்தால் ஓரிடத்தில் மட்டும் அமுங்க முடியும், அந்த அமுக்கம் அலையாகப் போகவும் முடியும். ஒளியால் ஆன அணிக்கோவையில் ஒலி கேட்டது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் இந்தச் சோதனைதான் என்றே சொல்லலாம், ஆனால் இதில் தனித்தனி இடத்தைத் தொட்டுத் திருகுவது கடினம், அந்த வசதி ரிட்பெர்க் அணுக்களுக்குத்தான் அதிகம்.

எல்லா வழியும் ஒரே மாதிரியைத் தருவதும் இல்லை, இதில் பலர் வழுக்குகிறார்கள். ஹோல்ஸ்டீனில் அதிர்வு, கிளர்வு இருக்கிற இடத்தின் ஆற்றலைத் தொடுகிறது. நான் மேலே கணக்குப் போட்ட ரிட்பெர்க் கைமாற்றத்தில் அதிர்வு, தாவலைத் தொடுகிறது, அது 1979இல் சூ, ஷ்ரீஃபர், ஹீகர் ஒரு பாலிமருக்கு எழுதிய மாதிரியின் குடும்பம். சின்ன வித்தியாசம் போலத் தெரியும். ஹோல்ஸ்டீனில் பிணைப்பைக் கூட்டிக்கொண்டே போனால் போலரான் படிப்படியாகக் கனத்துக்கொண்டே போகும், எந்த இடத்திலும் திடுக்கென்று உடையாது. மற்றதில் ஒரு குறிப்பிட்ட பிணைப்பில் திடீரென்று போலரானின் அடிநிலை உந்தம் பூச்சியத்திலிருந்து நகர்ந்துவிடும், 2010இல்தான் இது கணக்கில் தெரியவந்தது. இந்தத் திடீர் மாற்றத்தை ஒரு அணுச் சங்கிலியில் நேரில் பார்ப்பது என் மனதில் இந்தத் துறையின் முதல் வேலை, புரதத்திலும் இலையிலும் ஆற்றல் எப்படி ஓடுகிறது என்ற பெரிய பேச்செல்லாம் அதற்கப்புறம்.

ப்ராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம் என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். நம் ஊரில் இந்த லேசர்களுக்கு எங்கே போவது, கணினியிலேயே இரண்டு இடத்து ஹோல்ஸ்டீனை எடுங்கள். இரண்டு ஊசலும் சேர்ந்து ஒரே பக்கம் ஆடும் ஆட்டத்துக்குக் கிளர்வு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது, அதைத் தூக்கி எறிந்துவிடலாம். எதிரெதிராக ஆடும் ஆட்டம் ஒன்றுதான் மிஞ்சும், அதற்கான பிணைப்பு எண் பழையதை 2இன் வர்க்கமூலத்தால் வகுத்தது. 0 முதல் 30 வரை ஃபோனான் வைத்தால் 62க்கு 62 அணி, பழைய மடிக்கணினியில்கூட கண் சிமிட்டுவதற்குள் முடியும், கரண்ட் போகும் கவலை இல்லை. அதிர்வெண்ணைத் தாவலைப் போல் 20 மடங்கு வையுங்கள், பிணைப்பு எண் 1 கொடுங்கள், கீழே இருக்கும் இரண்டு ஆற்றல் மட்டங்களின் இடைவெளி பிணைப்பே இல்லாதபோது இருந்ததில் 37 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும். வராவிட்டால் அந்த வர்க்கமூலத்தை விட்டிருப்பீர்கள், நானும் முதல் முறை விட்டேன், 14 சதவீதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் முழித்தேன். அது வந்தபிறகு அதிர்வெண்ணைக் குறைத்துக்கொண்டே வந்து தாவலுக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள், 37 எங்கே போகிறது என்று பார்த்து வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள்.